சாப்பிடாத இடைவேளைக்குச் சம்பளப் பிடித்தம்: என் அனுபவம்

சிங்கப்பூரில் ஒரு கடையில் காசாளர் வேலை. மாலை ஷிப்டில் நான் ஒருவன்தான், கல்லாவை விட்டு நகர முடியாது. ஆனால் சாப்பாட்டு நேரமென்று தினமும் ஒரு மணி நேரச் சம்பளம் கழிந்தது.

யாருக்கு எப்போது வேலை என்று காட்டும் ரோஸ்டரைப் படமெடுத்து அனுப்பினேன். "சிஸ்டம் தானாகக் கழிக்கிறது" என்றார் மேலாளர். வருகைப் பதிவும் உதவவில்லை. அதில் வந்த நேரமும் போன நேரமும் மட்டும்தான். நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் ரசீதைக் கவனித்தேன். ஒவ்வொன்றிலும் நேரமும் என் காசாளர் எண்ணும் அச்சாகியிருந்தன! ஒரு மாத விற்பனைப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். இடைவேளை என்று போட்டிருந்த 7 முதல் 8 மணிக்குள் எல்லா நாளும் விற்பனை.

தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது என்ற வேலை நியமனச் சட்ட விதியையும் சேர்த்து மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன். அடுத்த சம்பளத்தில் நிலுவை வந்துவிட்டது, பெரிய நிம்மதி. இப்போது 7 மணிக்கு மாற்று ஆள் வருகிறார்.