குட்டை ரோஜாவில் புது ரகம்: பூவுக்கு முன் செடியைப் பாருங்கள்

முழங்காலுக்குக் கீழே உயரம், அடியிலிருந்தே கிளை, இலை தெரியாத அளவுக்குப் பூ. அப்படி ஒரு ரோஜாவை நீங்களே உருவாக்கலாம். சிறு கத்தரி, இடுக்கி, பெயர்ச்சீட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மூலை இருந்தால் போதும். பொறுமை வேண்டும். அதைவிட, பிடிக்காத நாற்றைத் தயங்காமல் பிடுங்கிப் போடும் மனசு வேண்டும்.

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. மினியேச்சர் எனப்படும் இன்றைய சின்ன ரோஜாக்களின் குட்டைத்தன்மை பெரும்பாலும் குள்ளமான சீன ரோஜாவிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் ஜன்னலோரத் தொட்டிகளில் வளர்ந்துவந்த ‘ரூலெட்டி’ என்ற சின்னஞ்சிறு ரோஜாதான் அதைப் பரப்பியது. அந்தக் குணம் ஓங்கு பண்பு என்பதால், பெற்றோரில் ஒன்று குட்டையாக இருந்தாலே நாற்றுகளில் கணிசமானவை குட்டையாக வரும். கலிஃபோர்னியாவில் ரோஜா ரகங்களை உருவாக்கிய ரால்ஃப் மூர் இதை அழகாகப் பயன்படுத்தினார். ‘லிட்டில் டார்லிங்’ என்ற ஃப்ளோரிபண்டாவை, அதாவது கொத்துக் கொத்தாகப் பூக்கும் ரோஜாவை, தாயாக வைத்து, அதில் மினியேச்சரின் மகரந்தத்தை இட்டார். 1972இல் வந்த ‘மேஜிக் கரௌசல்’, 1977இல் வந்த ‘ரைஸ் அண்ட் ஷைன்’ இரண்டும் அந்தத் தாயின் பிள்ளைகள். நானும் இந்த வழியில்தான் போகிறேன். மினியேச்சரில் காய் சிறிது, விதை சொற்பம். நன்றாகக் காய் பிடிக்கும் ஃப்ளோரிபண்டா தாயாக இருந்தால் உழைப்பு வீணாகாது.

இரண்டு பெற்றோரும் திரும்பத் திரும்பப் பூப்பவையாக இருக்கட்டும். அது ஒடுங்கு பண்பு. ஒரு பருவம் மட்டும் பூக்கும் ரோஜாவோடு கலந்தால், முதல் தலைமுறையில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் கரும்புள்ளி நோயை மறக்காதீர்கள். 1900இல் பிரான்சின் ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-துஷே வெளியிட்ட ‘சொலே தோர்’ வழியாகப் பாரசீக மஞ்சள் ரோஜாவின் நிறம் தோட்டங்களுக்கு வந்தபோது, அந்த நோய்க்கு இடம்கொடுக்கும் இலையும் கூடவே வந்தது. எனவே மஞ்சளுக்குத் துணையாக, மருந்தே தெளிக்காமல் இலை சுத்தமாக நிற்கும் செடியைத்தான் நான் தேடுவேன்.

கலப்பு செய்வது காலை வேலை. நாளை விரியப்போகும் மொட்டு, நுனி இதழ்கள் லேசாகத் தளர்ந்திருக்கும், அதுதான் பதம். இதழ்களைக் கழற்றிவிட்டு மகரந்தப்பைகளை ஒன்றுவிடாமல் எடுங்கள். அவை வெடித்து மஞ்சள் பொடி தெரிந்தால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள், தன் மகரந்தம் ஏற்கெனவே பட்டிருக்கும். தந்தைப் பூவின் மகரந்தப்பைகளை ஒரு தட்டில் நிழலில் பரப்பினால் மறுநாள் பொடி உதிரும். அதற்குள் தாய்ப் பூவின் சூல்முடி பளபளவென்று பிசுபிசுக்கத் தொடங்கியிருக்கும். சின்னத் தூரிகையாலோ விரல் நுனியாலோ தடவுங்கள். அடுத்த நாள் இன்னொரு முறை. தாய், தந்தை, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். மை மழையில் கரைந்துவிடும்.

காய் முற்ற மூன்றரை, நான்கு மாதம் ஆகும். பச்சை மாறி ஆரஞ்சாக வந்ததும் பறித்து, விதைகளைச் சதை போகக் கழுவுங்கள். தண்ணீரில் மிதக்கும் விதையைச் சிலர் கொட்டிவிடுவார்கள். நான் கொட்டுவதில்லை, அவற்றிலும் முளைப்பவை உண்டு. ஈரமான காகிதத்தில் சுற்றி, மூடிய பையில், சுமார் 4 டிகிரி குளிரில் எட்டு முதல் பத்து வாரம் வையுங்கள். உறையவிடக் கூடாது. பிறகு நீர் தேங்காத கலவையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். முளைப்பு சீராக இருக்காது, அடுத்த வருஷம் எட்டிப்பார்க்கும் விதைகளும் உண்டு.

தொடர்ந்து பூக்கும் வகை என்றால் சுமார் இரண்டு மாதத்திலேயே, விரல் உயரத்தில், முதல் பூ வந்துவிடும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதழ் எண்ணிக்கை பின்னால் கூடும், நிறமும் மாறும். நான் முதலில் பார்ப்பது கணு இடைவெளி, அடிக்கிளைகள், மழைக்குப் பிந்தைய இலை. பூவில் பார்ப்பது அதன் மூன்றாம் நாளை. என் நாற்று ஒன்றில் இதழின் உள்புறம் செங்கல் சிவப்பு, வெளிப்புறம் வெண்ணெய் மஞ்சள். விரியும்போது பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். மூன்றாம் நாள் விளிம்பில் சாம்பல் கலந்த ஊதா ஏறி, இதழ் உதிராமல் காம்பிலேயே காய்ந்து தொங்கும். அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. குட்டைச் செடியில் வாடிய பூ நம் கண்ணெதிரேயே இருக்கிறது, ஒளித்துவைக்க இடமில்லை.

தேறிய நாற்றைக் குச்சி நட்டுப் பெருக்குங்கள். விதையிலிருந்து அதே செடி வராது. வீரியமான வேர்ச்செடியில் ஒட்டினால் உயரம் கூடிவிடலாம், எனவே சொந்த வேரில் வளர்த்தே அளவை முடிவுசெய்யுங்கள். குச்சிகள் எல்லாம் ஒரே உயரத்திலும் நிறத்திலும் நிற்கின்றனவா என்று சில பருவங்களாவது பாருங்கள். வேறு மண்ணும் வெயிலும் உள்ள ஒருவரிடமும் கொடுத்துப் பாருங்கள்.

வெளியிடும்போது பெயர் முக்கியம். ரோஜாப் பெயர்களுக்கான சர்வதேசப் பதிவு அமெரிக்க ரோஜா சங்கத்திடம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பெயரா என்று அங்கே சரிபாருங்கள். வளர்ப்பாளர் உரிமை, அதாவது ரகத்தை உருவாக்கியவருக்கான சட்ட உரிமை, வேண்டுமென்றால் செடி மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டும், ஒரே சீராகவும், திரும்பத் திரும்பப் பெருக்கினாலும் மாறாமலும் இருக்க வேண்டும். புதுத் தாவர ரகங்களின் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான யுபோவின் விதிப்படி, விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டுக்கு மேல் விற்றிருந்தால் அது புது ரகமாகக் கருதப்படாது. ஆகவே முதல் செடியை விற்கும் முன்பே விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். சோதனைக்குக் கொடுக்கும் குச்சிகளுக்கும், இதைப் பெருக்கவோ விற்கவோ கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.