பெரியம்மாவின் நுளம்புத்திரியும் மகனின் மண்ணிறப் பம்மும்

உடுப்பு, சொக்லேட், கோடாலித் தைலம் எல்லாம் நீங்களே அடுக்கிக்கொள்வீர்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ள சின்னப் பிள்ளையோடு கொழும்புக்குப் போகிறவர்களுக்குத்தான் இது.

என் மகனுக்கு நான்கு வயது. லண்டனில் காலையும் இரவும் மண்ணிறப் பம்மை (இழுப்பு வராமல் தடுக்கும் இன்ஹேலர்) ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, முகமூடி வைத்து இரண்டிரண்டு தரம் கொடுக்கிறோம். இழுப்பு வந்தபிறகு அதை அடித்துப் பயனில்லை, அதற்கு நீலப் பம் இருக்கிறது. மண்ணிறப் பம் மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை நாள்கணக்கில் மெல்லமெல்லத் தணிக்கும். நிறுத்தினாலும் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. வில்லங்கமே அதுதான்.

வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் நின்றோம். முதல் இரவே கண்டுபிடித்துவிட்டார்.

"உது ஸ்டீரொயிட் எல்லோ பிள்ளை? உதைக் குடுத்துத்தான் இவன் இப்பிடி மெலிஞ்சு கிடக்கிறான்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் மாமா ஒருவர் எண்பதுகளில் ஸ்டீரொயிட் குளிசை குடித்து முகம் பூசணிக்காயாய் ஊதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். குளிசை மில்லிகிராம் கணக்கு, பம் மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் நேரே நெஞ்சுக்குப் போவது, வாயில் தங்குவதைக் கொப்பளித்துத் துப்பிவிடலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பெரியப்பாவின் செத்தவீட்டை வைபரில் பார்த்தவள் நான். அந்த வீட்டில் இருந்துகொண்டு வாதாட வாய் வரவில்லை.

"கடல் காத்து நல்லம், ஒரு கிழமை விட்டுப் பார்" என்றார். விட்டேன்.

ஐந்து நாளும் காலிமுகத்திடலில் ஓடினான், பட்டம் விட்டான், இறால் வடை தின்றான். பெரியம்மாவின் முகத்தில் வெற்றி. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் சாம்பிராணி, இரவு யன்னலைப் பூட்டிக் கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி. டெங்குப் பயம் நியாயம்தான், ஆனால் அதற்குப் புகையில்லாமல் வலை கட்டலாம். வலையையாவது கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

இரண்டு மணிக்கு எழும்பினான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. "அம்" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "மா" என்றான். நீலப் பம்மை ஒவ்வொரு அழுத்தாக ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே அம்புலன்சுக்கு அடிக்கப் பார்த்தால், ஞாபகத்தில் வந்தது லண்டன் நம்பர் 999. இலங்கையில் 1990. 2016 முதல் ஓடுகிறது, காசில்லை. போனில் இப்பவே போட்டுவையுங்கள். நான் ஓட்டோவில் ஓடினேன்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்று. கவுண்டரில் முதலில் முற்பணம், பிறகு பாஸ்போர்ட், பிறகு வெளிநாட்டுக்காரருக்கு வேறு படிவம். பிள்ளை என் தோளில் இழுத்துக்கொண்டு கிடக்கிறான், அந்தப் பெடியன் என் குடும்பப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறான். நான் வெளிநாட்டுக்காரியாம். கொள்ளுப்பிட்டியில் பிறந்தவள்! கத்திவிட்டேன்.

டொக்டர் கேட்டார்: "தடுப்புப் பம் என்ன?"

"மண்ணிறம்."

"நிறத்தை விடுங்கோ, பேரும் அளவும் சொல்லுங்கோ."

நிறம் நாட்டுக்கு நாடு மாறும். உள்ளே இருப்பது ஒரே பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட்தான் என்றாலும் கியூவார் என்ற பிராண்டின் வீரியம் கிளெனில் என்ற பிராண்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. லேபிளைப் படம் எடுத்துவைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு முழிக்க வேண்டியதில்லை. "கடைசியா எப்ப குடுத்தனீங்கள்?" என்றும் கேட்டார். அதற்கு நேற்று என்று பொய் சொன்னேன். அடுத்த கேள்விக்குள் உண்மையையும் சொல்லிவிட்டேன்.

புறப்படுமுன் பம்மில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணுங்கள். 200 அழுத்து, நாளைக்கு நான்கு என்றால் 50 நாள். மருந்து முடிந்தபிறகும் வெறும் வாயு "ஸ்ஸ்" என்று வந்துகொண்டிருக்கும், ஏமாறாதீர்கள். எங்களுடையது முடியும் தறுவாயில் இருந்தது. மருந்துக்கடையில் கப்சூல் தூளை நீட்டினார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதை உறிஞ்சி இழுக்கப் பலம் காணாது. பம்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன்.

பெரியம்மா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. திரியைத் தானே குப்பையில் போட்டார். போகிற நாள் காலை ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, சேலைத் தலைப்பால் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். துடைக்கக் கூடாது. மின்னேற்றம் உண்டாகி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். தானாகக் காயவிட வேண்டும். அவர் குசினிக்குப் போனதும் எடுத்துத் திரும்பக் கழுவி, யன்னலோரம் கவிழ்த்து வைத்தேன்.