வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"என் ஆம்ப் 8 வாட், ஸ்பீக்கரில் 100 வாட் என்று போட்டிருக்கிறதே, ஓடுமா?" வால்வு ஆம்புக்கு (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் தேடும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. ஓடும். அந்த 100 வாட், ஸ்பீக்கர் தாங்கக்கூடிய அளவு மட்டுமே. உங்கள் ஆம்போடு அது ஒத்துப்போகுமா என்பது வேறு இடத்தில் இருக்கிறது. என் 300பி சிங்கிள் எண்டட் (300பி என்ற வால்வே ஒலி அலை முழுவதையும் தனியாகக் கையாளும், வாட் குறைந்த வகை) ஆம்புக்கு ஸ்பீக்கர் தேடியபோது நான் கடைப்பிடித்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், உங்களுக்கு எத்தனை வாட் தேவை என்று அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இப்போதுள்ள ஸ்பீக்கரில், நீங்கள் வழக்கமாகக் கேட்பதிலேயே அதிகச் சத்தத்தில் ஒரு பாட்டைப் போடுங்கள். பாட்டை நிறுத்துங்கள், வால்யூமைத் தொடாதீர்கள். அதே பிளேயரில் மைனஸ் 12 டெசிபல் அளவில் பதிவான 120 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைச் சில விநாடிகள் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்டேஜைப் பாருங்கள். டிஜிட்டல் பதிவு தொடக்கூடிய உச்சம் இந்த டோனைப்போல் 4 மடங்கு. மீட்டர் 1 வோல்ட் காட்டினால் உச்சத்தில் 4 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட். 2 வோல்ட் காட்டினால் 8 வாட்.

இந்த அளவீட்டைச் சொல்லித்தரும் சில குறிப்புகளில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லியிருக்கும். வால்வு ஆம்பில் அதைச் செய்யவே கூடாது. லோடு இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, அதுவே எரிந்துபோகலாம். ஸ்பீக்கர் இணைப்பிலேயே இருக்கட்டும். வயரை மாற்றுவதானால் ஆம்பை அணைத்த பிறகுதான்.

சென்சிடிவிட்டி

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதுதான் இது. 3 டெசிபல் கூடினால் பாதி வாட் போதும். பழைய ஸ்பீக்கர் 86, புதியது 92 என்றால், மேலே அளந்ததில் கால் பங்கு போதும்.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பல நிறுவனங்கள் வாட் என்று சொல்லாமல் 2.83 வோல்ட் என்று போடுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 90 என்று பார்த்தால் மனதுக்குள் 87 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இம்பிடன்ஸ் வரைபடம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பெரும்பாலானவர்கள் சென்சிடிவிட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வால்வு ஆம்புக்கு அதைவிட முக்கியமானது இந்த வரைபடம்தான்.

பெட்டியில் "8 ஓம்" என்று எழுதியிருப்பது இம்பிடன்ஸின், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பின், பெயரளவு எண். உண்மையில் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் ஒவ்வொரு அலைவெண்ணிலும் மாறுகிறது. ஒரு இடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், பேஸ் பகுதியிலோ கிராஸ்ஓவர் பகுதியிலோ (பெரிய யூனிட்டிலிருந்து சின்ன யூனிட்டுக்கு ஒலி கைமாறும் இடம்) 20 ஓமுக்கு ஏறும். ட்ரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்புக்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு) மிகக் குறைவு என்பதால் அது இதைப் பொருட்படுத்தாது. வால்வு ஆம்ப், அதிலும் ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத சிங்கிள் எண்டட் வகை, அப்படி இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆம்பின் டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸால் வகுத்தால் வரும் எண்) 3 என்றால், ஆம்பின் பின்னால் உள்ள 8 ஓம் முனையில் அவுட்புட் இம்பிடன்ஸ் சுமார் 2.7 ஓம். ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் வோல்டேஜில் 60 சதவீதம்தான் அதற்குப் போகிறது. 20 ஓமாக இருக்கும் இடத்தில் 88 சதவீதம். வித்தியாசம் 3 டெசிபலுக்கும் மேல். அதாவது, மேடு இருக்கும் இடமெல்லாம் சத்தமும் மேடாகிறது. மேடு பேஸில் இருந்தால் ட்ரம் குமுறும், கிராஸ்ஓவர் பகுதியில் இருந்தால் பாடகர் குரல் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். "வால்வு சவுண்ட்" என்று பலர் ரசிப்பதிலும் குறை சொல்வதிலும் பெரும்பங்கு இதுதான்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது, எங்குமே 6 ஓமுக்குக் கீழே இறங்காத, மேடுபள்ளம் குறைந்த கோடு. ஸ்டீரியோஃபைல் இதழ் தன் ஸ்பீக்கர் விமர்சனங்களோடு இந்த வரைபடத்தையும் வெளியிடுகிறது. வாங்கும் முன் கட்டாயம் பாருங்கள். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ நல்ல உதாரணம். சென்சிடிவிட்டி 83 டெசிபல் அளவில்தான். ஆனால் முதல் வடிவத்தின் இம்பிடன்ஸ் 15 ஓம். சின்ன அறையில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள் அதை 15, 20 வாட் வால்வு ஆம்போடு இன்றும் விரும்பிச் சேர்க்கிறார்கள். சென்சிடிவிட்டியை மட்டும் பார்த்திருந்தால் அதை ஒதுக்கியிருப்போம்.

அப்புறம் அறை

ஒலியின் வேகமான 343ஐ (விநாடிக்கு மீட்டரில்) அறை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள். 4 மீட்டர் அறைக்கு 43 ஹெர்ட்ஸ் வரும். அந்த அலைவெண்ணை அறையே தூக்கிவிடும். ஸ்பீக்கரின் பேஸ் மேடும் அதன் பக்கத்திலேயே இருந்து, ஆம்பும் அதை உயர்த்தினால், மூன்றும் ஒன்றுகூடிவிடும். பின்பக்கம் போர்ட் (பேஸைக் கூட்டும் துளை) உள்ள ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். சின்ன அறைக்கு நான் எப்போதும் சொல்வது மூடிய பெட்டி வகைதான். அதன் பேஸ் மெதுவாக இறங்குவதால் சுவர் கொடுக்கும் கூடுதல் சரியாகப் பொருந்தும்.

பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்களின் சென்சிடிவிட்டி ஆசை காட்டும். ஆனால் வூஃபரும் (பேஸ் யூனிட்) ஹார்னும் (மேல் ஒலிகளுக்கான கூம்பு) ஒரே குரலாகச் சேர்ந்து கேட்க இடைவெளி வேண்டும். 3 மீட்டர் தள்ளி உட்கார முடியாத அறைக்கு வேண்டாம்.

கடைசியாக, உங்கள் ஆம்போடு கேளுங்கள்

கடையில் ட்ரான்சிஸ்டர் ஆம்போடு கேட்டது மேலே சொன்ன காரணத்தால் வீட்டில் வேறு மாதிரி இருக்கும். ஸ்பீக்கரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்றால் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். கனம்தான், ஆனாலும் போங்கள். அறையை அளக்க ரூம் ஈக்யூ விசார்ட் இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் நல்ல ஜோடி. பேஸை அளக்க மொபைல் மைக்கை நான் நம்புவதில்லை.

பின்சேர்க்கை 1: "பழைய ஸ்பீக்கரே இல்லை, எப்படி அளப்பது?" என்று பலர் கேட்டிருந்தார்கள். தோராயக் கணக்கு போதும். 92 டெசிபல் ஸ்பீக்கர், 8 வாட் என்றால் ஒரு மீட்டரில் 101. மூன்று மீட்டருக்கு 9.5 கழித்தால் 91 சொச்சம். இரண்டு ஸ்பீக்கர், சுவர்ப் பிரதிபலிப்பு எல்லாம் சேர்ந்து 3 டெசிபலாவது கூட்டும். உச்சங்களுக்கு 15 டெசிபல் இடம் விட்டால் சராசரி 80 அளவில் நிற்கும். வீட்டில் கேட்க அது நல்ல சத்தம்.

பின்சேர்க்கை 2: ஏற்கெனவே மேடுபள்ளமான 8 ஓம் ஸ்பீக்கரை வாங்கிவிட்டவர்கள், ஆம்பை அணைத்துவிட்டு, வயரை 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அவுட்புட் இம்பிடன்ஸ் ஏறக்குறைய பாதியாகும், பேஸ் இறுகும். அதிகபட்சச் சத்தத்தில் 3 டெசிபல் வரை குறையலாம். மேலே அளந்த வோல்டேஜில் மிச்சம் இருந்தால் அந்த இழப்பு காதுக்கே தெரியாது.