கடப்பா கல் ஷெல்ஃபுக்கு நாமளே கதவு போட்டு வார்ட்ரோப் ஆக்கலாம்

பழைய வீடுகள்ல பெட்ரூம் செவுத்துல ஒரு பள்ளம் விட்டு, அதுல நாலஞ்சு கடப்பா கல்ல சொருகி, முன்னாடி ஒரு பழைய புடவைய ஸ்க்ரீனா தொங்க விட்டிருப்பாங்கல்ல, அதுக்கு ரெண்டு கதவு போட்டா அதான் வார்ட்ரோப். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, செவுத்துல ஓட்டை போடணும்.

எங்க வீட்டு அளவு 4 அடி அகலம், ஆறரை அடி உயரம். 8க்கு 4 சைஸ்ல 18 எம்எம் பிளைவுட் ஒரே ஒரு ஷீட் போதும். பாத்ரூம் பக்கத்து செவுருன்னா சாதா கமர்ஷியல் பிளை வேணாம், தண்ணியத் தாங்கற பிடபிள்யூஆர் (BWR) பிளை கேளுங்க. கடையிலயே ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டி வாங்கிடுங்க, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா கதவு வில்லு மாதிரி வளைஞ்சிடும்.

வெட்டறதும் கடை மெஷின்லயே. ஆறரை அடி நீளத்துல 605 எம்எம் அகலமா ரெண்டு கதவு, மிச்சம் இருக்கற ஒன்றரை அடித் துண்டுல 4 இன்ச் பட்டியா நாலு.

இப்ப பட்டி, கதவோட கீல் இதுலதான் உக்காரும். ஒவ்வொரு தட்டு இடைவெளிக்கும் தனித்தனியா அறுத்து, ரெண்டு பக்க செவுத்தோட உள்பக்கமும் நிறுத்தணும், முன் விளிம்பு வெளிச் செவுத்தோட சமமா நிக்கணும். 8 எம்எம் பிட்ல ஓட்டை, பிளக், 2 இன்ச் ஸ்க்ரூ. கேக்க ஈஸி, ஆனா நம்ம செவுரு எதுவும் நேரா இருக்காது. நான் மொத தடவ செவுத்த நம்பி அப்படியே அடிச்சுட்டேன், கதவு மாட்டினா மேல முட்டுது கீழ அரை இன்ச் வாய பொளந்து நிக்குது, எல்லாத்தையும் கழட்டினேன். அதனால மேலேர்ந்து தூக்குக்குண்டு விட்டு, அந்த நூலுக்கு நேரா எல்லா பட்டியும் வருதான்னு பாருங்க, வரலன்னா பின்னாடி பிளை சக்கைய சொருகி முன்னாடி தள்ளுங்க. சந்துல தெரியற இடைவெளிய கடைசில பட்டி வச்சு பூசிக்கலாம் (இது பெயிண்டர் பட்டி!).

கீல் வாங்கும்போது ஆட்டோ கீல், ஜீரோ கிராங்க்னு கேளுங்க. அதுல கதவு பட்டி மேல ஏறி உக்காரும், சின்னச் சின்ன கோணல மறைச்சிடும். 16 கிராங்க் போட்டா கதவு உள்ள அடங்கும், அழகுதான், ஆனா ஒரு நூல் (அரைக்கால் இன்ச்) பிசகினாலும் இடிக்கும், புதுசா செய்யறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

ஒவ்வொரு கதவுக்கும் நாலு கீல். ஓட்டை போடறதுக்கு முன்னாடி கதவ அதோட இடத்துல நிறுத்தி, ஒவ்வொரு கல்லு வர்ற உயரத்தையும் பின்பக்கம் பென்சில்ல கோடு போட்டுக்கோங்க, கீல் அந்தக் கோட்டுலேர்ந்து 3 இன்ச்சாவது தள்ளி வரணும், இல்லன்னா கல்லுல இடிச்சு மாட்டவே முடியாது. கீலோட வட்டக் கிண்ணம் உக்கார்ற பள்ளத்துக்கு 35 எம்எம் கப் பிட், கதவு ஓரத்துலேர்ந்து ஓட்டையோட நடு 22 எம்எம், ஆழம் 12 எம்எம், அதுக்கு மேல போனா அந்தப் பக்க மைக்கா புடைச்சுக்கும்.

மாட்டும்போது ஒரு ஆள் கதவ பிடிக்கணும், தரையிலேர்ந்து கொஞ்சம் தூக்கியே வைங்க, வீடு துடைக்கற தண்ணி படக்கூடாது. அப்புறம் கீல்ல இருக்கற ஸ்க்ரூக்கள அரைச் சுத்து, கால் சுத்தா திருப்பி ரெண்டு கதவுக்கும் நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே ஒரு நூல் கேப் வர்ற மாதிரி கொண்டு வாங்க, எனக்கு இதுக்கே ஒரு சாயங்காலம் போச்சு. கைப்பிடி அதுக்கப்புறம்தான்.