இன்டர்கூலர் குழாய்: வெட்டுவதற்கு முன் நீளத்தைக் கணக்கிடுவது எப்படி?

டர்போ (என்ஜினின் வெளியேற்ற வாயுவால் சுழன்று காற்றை அழுத்தும் கருவி) அழுத்தும் காற்று சூடாகி அடர்த்தி குறைவதால், அதை இன்டர்கூலரில் குளிர்வித்த பிறகே என்ஜினுக்கு அனுப்புகிறோம். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரில் இன்டர்கூலர் என்ஜினுக்கு மேலேயே அமர்ந்திருப்பதால் குழாய்வழி மிகவும் குறுகியது. ஆனால் நெரிசலில் நிற்கும்போது என்ஜின் சூடு அதில் ஏறிவிடும். அதனால்தான் பலர் அதை முன் பம்பருக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். குழாய் நீண்டால் டர்போ லேக் (ஆக்சிலரேட்டரை அழுத்திய பிறகு டர்போவின் அழுத்தம் வந்து சேர ஆகும் தாமதம்) கூடுமே என்ற அச்சம் அப்போதுதான் எழுகிறது.

முதலில், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரையிலும், அங்கிருந்து த்ராட்டில் (என்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) வரையிலும், குழாய் போகவேண்டிய பாதையின் நடுக்கோட்டில் ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து கொள்ளளவைக் கணக்கிடுங்கள். உள்விட்டம் 63.5 மி.மீ. உள்ள குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 3.2 லிட்டர் காற்று அடங்கும். 2 லிட்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஏறத்தாழ 50 லிட்டர் உறிஞ்சுகிறது. என்ஜின் எடுத்ததுபோக மிஞ்சும் காற்றுதான் குழாயை நிரப்பும் என்பதால் சிறு தாமதம் உண்டு. எனினும் டர்போவின் டர்பைன் சக்கரம் வேகமெடுக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால், ஒரு மீட்டர் கூடுதல் குழாயால் வரும் தாமதம் பெரும்பாலும் சிறியதே. தேவையில்லாமல் 76 மி.மீ. குழாய்க்குத் தாவினால் அதே நீளத்தில் சுமார் 4.5 லிட்டர் ஆகிவிடும். தொடக்கநிலையினர் அதிகம் செய்யும் தவறு இதுதான் என்பது என் கருத்து.

பிறகு வளைவுகளை எண்ணுங்கள். இறுக்கமான ஒரு 90 பாகை வளைவு, ஒரு மீட்டர் நேர்க்குழாயைவிட அதிக அழுத்தத்தை இழக்கச் செய்யலாம். ஆகவே பத்து சென்டிமீட்டரை மிச்சப்படுத்துவதற்காக இன்னொரு வளைவைச் சேர்க்காதீர்கள். அகன்ற வளைவோடு சற்று நீண்ட பாதையே மேல்.

இணைப்புகளில்தான் பொறுமை வேண்டும். புடைப்பு வளையம் இல்லாத வழுவழுப்பான குழாய்முனையிலிருந்து சிலிகோன் ஹோஸ் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறும்போது கழன்றுவிடும். புடைப்பைத் தாண்டி ஹோஸை ஏற்றி, கிளாம்ப்பைக் குழாய்முனையின் பக்கம் அல்லாமல் புடைப்புக்கு அந்தப் பக்கமாக இறுக்குங்கள்.

கடைசியாக, டர்போ காற்றை உள்ளிழுக்கும் வாயை வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாமல் காற்றேற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். கிளாம்ப்பின் ஓரத்தில் நுரை பொங்கினால் அங்கே கசிவு இருக்கிறது. காற்றோட்ட சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும் கார்களில், ஏற்கெனவே அளந்த காற்று இப்படி வெளியேறுவதால் எரிபொருள் மிகுந்து, காரின் இழுவை குறையும். நீளத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.