ஹைப்பர்வைசரில் பழைய மேப்பிங்குகளைக் குறைந்த செலவில் செல்லாததாக்குவது எப்படி

மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுத்த ஒரு நினைவகப் பக்கத்தை, அத்தகைய இயந்திரங்களை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் திரும்பப் பெறும்போது, பக்க அட்டவணையில் உள்ள பதிவை அழிப்பதோடு வேலை முடிவதில்லை. ப்ராசஸரின் டிஎல்பியில் (முகவரி மாற்றங்களை வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில்) அந்த மேப்பிங், அதாவது எந்த முகவரி எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்ற தொடர்பு, தங்கியிருக்கும் வரை கெஸ்ட் (மெய்நிகர் இயந்திரம்) அந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கவும் எழுதவும் முடியும். ஆகவே முதலில் பதிவை அழித்து, அடுத்து டிஎல்பியைச் செல்லாததாக்கி, எந்த ப்ராசஸரும் பழைய மேப்பிங்கைப் பயன்படுத்த இயலாது என்று உறுதியான பின்னரே பக்கத்தை விடுவிக்க வேண்டும். இந்த வரிசையில் கை வைத்து வேகத்தைத் தேடினால், ஒரு கெஸ்டின் தரவு மற்றொரு கெஸ்டுக்குத் தெரிந்துவிடும். குறைக்க வேண்டியது ஃப்ளஷ்களின், அதாவது டிஎல்பியைச் செல்லாததாக்கும் செயல்களின், எண்ணிக்கையை மட்டுமே.

இல்லாத பதிவை டிஎல்பி சேமிப்பதில்லை என்பதால், புதிதாக ஒரு பக்கத்தை இணைக்கும்போது ஃப்ளஷ் தேவையில்லை. பக்கத்தை நீக்குவது, வேறு பக்கத்தை அதே இடத்தில் வைப்பது, எழுதும் அனுமதியைப் பறிப்பது ஆகியவற்றுக்குத்தான் அது வேண்டும்.

அடுத்து, தொகுத்துச் செய்யுங்கள். இன்டெல் ப்ராசஸர்களில் இந்த ஃப்ளஷ்ஷைச் செய்யும் இன்வெப்ட் (INVEPT) கட்டளையில் தனி முகவரியை மட்டும் நீக்கும் வகை கிடையாது. ஓர் ஈபிடி அட்டவணை (கெஸ்டின் முகவரிகளை உண்மையான நினைவக முகவரிகளாக மாற்றும் பக்க அட்டவணை) முழுவதற்கும் அல்லது எல்லாவற்றுக்கும் சேர்த்தே அது செயல்படும். 2 எம்பி நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகத் திரும்பப் பெறும்போது, ஒவ்வொன்றுக்கும் தனியே ஃப்ளஷ் செய்தால் 512 முறை முழு அட்டவணையின் மேப்பிங்குகளும் போய்விடும். கெஸ்ட், ஹைப்பர்வைசர் ஆகிய இரு தரப்பிலும் 4 நிலை அட்டவணைகள் இருந்தால், இழந்த ஒவ்வொரு மேப்பிங்கையும் மீண்டும் கண்டறிய 24 நினைவக அணுகல்கள் வரை ஆகலாம். எனவே 512 பதிவுகளையும் அழித்து, பக்கங்களை ஒரு பட்டியலில் நிறுத்தி, ஒரே ஃப்ளஷ்ஷுக்குப் பின் மொத்தமாக விடுவியுங்கள். இடையில் அட்டவணையைக் காக்கும் பூட்டை (lock) விட நேர்ந்தால், நிலுவையிலுள்ள ஃப்ளஷ்ஷை முடித்துவிட்டே விட வேண்டும்.

மேலும், இன்வெப்ட் அதை இயக்கும் ப்ராசஸரை மட்டுமே பாதிக்கும் என்பதால் மற்றவற்றுக்கு ஐபிஐ (ஒரு ப்ராசஸர் மற்றொன்றுக்கு அனுப்பும் குறுக்கீட்டுச் செய்தி) அனுப்ப வேண்டியுள்ளது. செலவின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் போகிறது. கெஸ்டின் எட்டு விசிபியுக்களில் (மெய்நிகர் ப்ராசஸர்களில்) மூன்று மட்டும் கெஸ்ட் குறியீட்டை இயக்கிக்கொண்டிருந்தால், அந்த மூன்றுக்கு ஐபிஐ போதும். மற்ற ஐந்துக்கும் கோரிக்கை பிட் ஒன்றை வைத்துவிட்டால், கெஸ்டுக்குள் நுழையும் முன் அவை தாமே ஃப்ளஷ் செய்துகொள்ளும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இவ்வழியைத்தான் பின்பற்றுகிறது. இங்கே மெமரி பேரியர் (நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) மிக முக்கியம்: அனுப்புபவர் பிட்டை வைத்த பிறகே விசிபியுவின் நிலையைப் படிக்க வேண்டும், விசிபியு தன் நிலையை 'கெஸ்டுக்குள்' என்று மாற்றிய பிறகே பிட்டைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று முன்பின்னானால், இருவருமே ஒருவரையொருவர் காணாமல் கடந்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடிய பிழை இது.

ஒரு விசிபியு வேறு ப்ராசஸருக்கு மாறும்போதும் அங்கே ஃப்ளஷ் செய்யுங்கள். முன்பு அங்கு ஓடியபோது விட்டுச்சென்ற பதிவுகள் இன்னும் இருக்கக்கூடும்.

முடிந்ததும் கேவிஎம்மின் தொலை டிஎல்பி ஃப்ளஷ் எண்ணியைப் பாருங்கள். தொகுதிகளின் எண்ணிக்கையோடு அல்லாமல் பக்கங்களின் எண்ணிக்கையோடு அது ஏறினால், ஏதோவொரு துணைச் செயற்கூற்றுக்குள் ஃப்ளஷ் அழைப்பு இன்னும் சுழற்சியின் உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.