சிங்கப்பூரில் வாடகை வீடு எடுக்கிறீர்களா? ஏர்கான் பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் ஏர்கான் (ஊரில் ஏசி என்கிறோமே, அதுதான்) பற்றி ஒரு பத்தி இருக்கும். பெரும்பாலும் நாலைந்து வரிதான். மற்றதை மேலோட்டமாகப் பார்த்தாலும் அந்தப் பத்தியை மட்டும் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். என் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு அந்த நாலு வரியால் ஒரு மாத வாடகை முழுசாகப் போனது, அதைப் பார்த்த கோபம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். ஊரில் கேட்பதுபோல் பத்து மாத அட்வான்ஸ் இங்கே கிடையாது. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருஷத்துக்கு இரண்டு மாதம் என்பதுதான் நடைமுறை. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடு என்றால் குறைந்தது 6 மாதம், தனியார் வீடு என்றால் குறைந்தது 3 மாதம் எடுக்க வேண்டும், அதற்கும் குறைவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். வாடகைக்கு விட வீவகவிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணை, சொத்து ஏஜெண்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏ-யின் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ ஏஜெண்ட் கையில் வாங்கவே கூடாது, நேராக வீட்டுக்காரருக்குத்தான் போக வேண்டும். முத்திரைத் தீர்வை, அதாவது ஒப்பந்தத்துக்கு அரசுக்குக் கட்டும் வரி, நம் பொறுப்பு, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் இரண்டு வருஷம் என்றால் மொத்தம் 72,000, அதற்கு 288 வெள்ளி. கையெழுத்தான 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்டிவிடலாம். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நாளைக்குத் தகராறு என்று வரும்போது ஆதாரமாகக் காட்ட முடியாது.

சரி, ஏர்கானுக்கு வருவோம்.

ஊரில் வாடகை வீட்டில் ஏசி வேண்டுமென்றால் பெரும்பாலும் நாமே வாங்கி மாட்டி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவோம். கோடைக்கு முன்னால் ஒரு தடவை தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு சர்வீஸ் செய்தால் முடிந்தது. இங்கே மெஷின் வீட்டுக்காரருடையது, பராமரிப்பு நம்முடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகைக்கு இருப்பவர் தன் செலவில் சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அது அநியாயம் இல்லை, இந்த ஊர்க் காற்றுக்கு அது தேவைதான். பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கிறோம், வருஷம் முழுக்க ஈரப்பதம். உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படிந்து, கீழே தட்டில் விழுந்து, ஒரு சின்னக் குழாய் வழியாகக் குளியலறைக்கோ சமையலறைக்கோ போகிறது. அந்தத் தட்டிலும் குழாயிலும் கொழகொழவென்று கசடு சேரும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பிச் சுவர் வழியே கட்டில்மேல் சொட்டும். என் வீட்டுப் பட்டுப்புடவைகளில் பூஞ்சை பிடித்து, அம்மா பார்த்துவிட்டு வாயடைத்துப்போனதும் இதே ஈரத்தால்தான். அலமாரியை அடிக்கடி திறந்துவையுங்கள், பட்டுப்புடவைகளை நெருக்கி அடுக்காதீர்கள்.

நண்பருக்கு செங்காங்கில் நாலறை வீடு. மனைவி, கைக்குழந்தை, இரண்டு வருஷ ஒப்பந்தம். குழந்தை படுக்கும் அறையில் ஏர்கான் சொட்ட ஆரம்பித்தது. யாரோ கொடுத்த வாட்ஸ்அப் எண்ணில் கூப்பிட்ட ஆள் வந்து, மூடியைக் கழற்றி, சுருளில் ஐஸ் பிடித்திருப்பதைக் காட்டி, "கேஸ் குறைந்துவிட்டது" என்று கேஸ் ஏற்றிவிட்டு ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனான். ரசீது கிடையாது. சில மாதத்தில் மறுபடி சொட்டியது, மறுபடி கேஸ். பச்சைக் குழந்தை வியர்த்து அழும்போது யார் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்? அதைத் தெரிந்துகொண்டே செய்கிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஏர்கானில் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, கசிவை அடைக்காமல் மேலே ஏற்றுவது வீண் செலவு. சுருளில் ஐஸ் பிடிப்பதற்குக் கேஸ் குறைவு ஒரு காரணம்தான். வடிகட்டியில் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் ஐஸ் பிடிக்கும், அந்த ஐஸ் உருகிச் சொட்டும். ஆகவே யாராவது கேஸ் என்று சொன்னால் அளவுமானியை மாட்டி அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள், கசிவு எங்கே என்று கேளுங்கள், இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வாசலைக் காட்டிவிடலாம். குறையாத கேஸின்மேல் இன்னும் ஏற்றினால் கெட்டுப்போவது வெளி யூனிட்டில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர். அங்கேதான் நண்பர் மாட்டினார்.

வீட்டைக் காலி செய்யும் வாரம் வீட்டுக்காரர் தன் ஆளோடு வந்தார். வெளி யூனிட்டின் கம்ப்ரசர் போய்விட்டது, பராமரிப்பு இல்லாததுதான் காரணம் என்று அந்த ஆள் எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ரசீதுகளை எடுங்கள் என்றார்கள். நண்பரிடம் பாதிதான் இருந்தது, மீதியெல்லாம் ரொக்கம். முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வெளி யூனிட் பத்து வருஷத்துக்கும் மேல் பழையது என்பது அதன் பக்கவாட்டு லேபிளில் இருந்தது, ஆனால் அதைப் படம் எடுத்துவைத்தவர் யாருமில்லை. ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று, குடும்பத்தோடு கிளம்ப வேண்டும், விட்டுவிட்டுப் போனார்.

அதனால் இதைச் செய்யுங்கள். சாவி வாங்கும் முன் வீட்டுக்காரர் தன் செலவில் எல்லா யூனிட்டையும் சர்வீஸ் செய்து ரசீது தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள். ரசாயனம் போட்டுக் கழுவும் கெமிக்கல் வாஷ், யூனிட்டையே சுவரிலிருந்து இறக்கிச் செய்யும் ஓவர்ஹால், கேஸ், கம்ப்ரசர் ஆகியவை யார் செலவு என்று தனித்தனியாக எழுதுங்கள். சாதாரண சர்வீஸ் நம்முடையது, வயதாகிப் பழுதாவது வீட்டுக்காரருடையது என்பதுதான் நியாயம். சின்னப் பழுதுக்கு இத்தனை வெள்ளி வரை வாடகைக்காரர் என்று ஒரு வரி இருக்கும், ஏர்கானுக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். உள் யூனிட், வெளி யூனிட் லேபிள்களைப் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். சர்வீஸுக்குக் கம்பெனியாகப் பதிவு செய்தவர்களைக் கூப்பிட்டு, பேநவ் (போனிலிருந்தே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதி) மூலம் பணம் கட்டி, ரசீதில் வீட்டு முகவரியும் எத்தனை யூனிட் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டினால் அன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள், போனில் சொன்னது போதாது.

வடிகட்டியை நீங்களே கழற்றிக் குழாயில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். 25 டிகிரிக்குக் கீழே வைக்காமல் கூடவே மின்விசிறியைப் போடச் சொல்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம், அது பில்லுக்கும் நல்லது. டிசம்பர், ஜனவரி மழையில் ஜன்னலைத் திறந்தாலே போதும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இங்கே வந்த கையோடு எல்லாரும் 18-ல் வைத்துப் போர்வைக்குள் போய்விடுகிறார்கள்.

அறை மட்டும் எடுப்பவர்கள், ஏர்கான் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மாதப் பில் எந்த வரம்பு வரை வாடகையில் அடக்கம், அதைத் தாண்டினால் யார் யார் எப்படிப் பங்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். எஸ்பி (மின்சார, தண்ணீர்) பில்லை மாதாமாதம் கண்ணால் பார்க்கவும் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முன்பணத்தைத் தர மறுத்தால் சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல் இருக்கிறது. 2 வருஷத்துக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை அங்கே கேட்கலாம், இணையத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை, அனுமதியும் இல்லை. அங்கே நீட்டுவதற்கு முத்திரையிட்ட ஒப்பந்தமும் ரசீதுகளும் படங்களும் வேண்டும். ஆகவே காலி செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே கடைசி சர்வீஸை முடியுங்கள். வீட்டுக்காரர் பார்வையிட வரும் நாளில் எல்லா அறையிலும் ஏர்கானை அரை மணி நேரம் ஓடவிட்டு, அவர் முன்னாலேயே வீடியோ எடுத்து, எல்லாம் ஓடுகிறது என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள். விமான டிக்கெட்டை அதற்கு ஒரு வாரமாவது தள்ளிப் போடுங்கள்.